மூன்றில் ஒரு பங்கு

"கொஞ்சம் நகரு கமா, மேகம் உன் பக்கம் வருது" என்று சொல்லிக்கொண்டே என் கணவர் டேப்லெட் திரையின் நடுக்கோட்டில் விரலை வைத்து என் பக்கமாக இழுத்தார்.

நான் அப்போது ஒரு மின்விசிறியின் பயன்பாட்டுக் கையேட்டை மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்த பத்தி சட்டென்று ஒல்லியாகிவிட்டது.

"மேகம் வந்தா நான் குடை பிடிச்சுக்கறேன். கோட்ட விடுங்க."

"சாயங்காலம் வந்து விடறேன். எங்கயும் ஓடிடாது."

திரையில் தன் பக்கம் ஓடிய மழைப் படத்தை இன்னொரு முறை பார்த்தார். மாலை வரை எங்கள் பக்கம் ஒன்றுமில்லை, அதன் பிறகு ஒரு பச்சைத் திட்டு. "போதும், அதுக்குள்ள முடிச்சுடலாம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். தார்க் கறை பிடித்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றபடியே மிச்சக் காபியைக் குடித்தார். டம்ளரை வழக்கம்போலச் செருப்பு அலமாரியின் மேலேயே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் போனதும் கோட்டைத் திருப்பி நடுவுக்கு இழுப்பது என் வழக்கம். அன்று மிச்ச வேலை தாளில் இருந்தது. டேப்லெட்டை மூடிச் சார்ஜில் போட்டுவிட்டு மேசைக்குப் போய்விட்டேன். கோடு அவர் வைத்த இடத்திலேயே நின்றது. அவருக்கு மூன்றில் இரண்டு பங்கு, எனக்கு மூன்றில் ஒன்று.

ஒழுகுகிற மாடிகளைச் சரிசெய்வது அவர் தொழில். மாடியைக் காயவிட்டு, சுரண்டி, தார்ஷீட்டை நெருப்புக் காட்டி உருக்கி ஒட்டுவார்கள். ஒட்டும்போது ஈரம் இருந்தால் அத்தனையும் வீண். அதனால் வானம் என்ன செய்யப்போகிறது என்று தெரியாமல் அவர் பல் கூடத் தேய்க்கமாட்டார். கூட வேலை செய்கிறவரை நெட்டை என்று கூப்பிடுவார். அவர் நிஜமாகவே அவ்வளவு உயரம், எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் வருவார். ஷீட்டின் ஒரு முனையை இவர் பிடிப்பார், மறு முனையை நெட்டை. கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்த கூட்டு அது.

ஊரில் யார் வீட்டு ஒழுகலையும் நிறுத்துகிறவரின் வீட்டில் சமையலறை வாசலுக்கு மேலே ஒரு இடம் ஒழுகும். அதற்குக் கீழே நீல வாளி ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும்.

"வர்றவங்க பார்த்தா சிரிக்கமாட்டாங்களா?" என்பேன்.

"சிரிக்கட்டும். இந்த வேலைக்குக் கூலி யார் தருவா?"

"நான் காபி போட்டுத் தரேன்."

"அது இப்பவே கெடைக்குதே."

அடுத்த வாரம் பண்றேன் என்று முடிப்பார். அந்த அடுத்த வாரத்தை நானும் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டேப்லெட் அவருக்குத் தார்ஷீட் கடைக்காரர் கொடுத்த பரிசு. அதிகமாகச் சரக்கு எடுத்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்களாம். மழைப் படம் பெரிதாகத் தெரிகிறது என்று இவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ மேசைக் கணினி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போயிருந்தது. சோபாவில் சாய்ந்துகொண்டு மெய்ப்புப் பார்க்க இதைவிட நல்ல பொருள் கிடையாது என்று நானும் கண்டுகொண்டேன். காலையில் காபி நேரத்தில் இரண்டு பேருக்கும் அது வேண்டும். அவர் பிடுங்குவார், நான் பிடுங்குவேன். ஒரு நாள் அது தரையில் விழுந்து மூலையில் சின்னதாக விரிசல் விட்டது.

எங்கள் மகள் அப்போது எங்களோடு இருந்தாள். எல்லாரையும் வேலை வாங்குகிறவள் என்பதால் அவள் அப்பா அவளுக்கு ஓவர்சீயர் என்று பேர் வைத்திருந்தார். அவள்தான் டேப்லெட்டை வாங்கி ஏதோ செய்து, திரையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாள். இடது பக்கம் மழைப் படம், வலது பக்கம் என் மெய்ப்பு, நடுவே ஒரு கறுப்புக் கோடு.

"இது அப்பா இடம், இது அம்மா இடம். இனிமே சத்தம் வரக்கூடாது. நான் ஆபீஸ் கெளம்பணும்."

"ஓவர்சீயர் நிலம் அளந்து குடுத்துட்டாங்கப்பா" என்றார் இவர்.

அன்றிலிருந்து சோபாவில் இடது பக்கம் அவர், வலது பக்கம் நான். டேப்லெட்டைப் பிஸ்கட் டின் மேல் சாய்த்து நடுவில் வைத்துக்கொள்வோம். கோட்டை நகர்த்தலாம் என்பதை அவர் கண்டுபிடிக்க நாலைந்து நாள் ஆயிற்று. அந்தக் கோடு மூன்று இடத்தில்தான் நிற்கும். நடுவில் நிற்கும், கொஞ்சம் தள்ளிவிட்டால் தானாக ஓடிப்போய் மூன்றில் ஒரு பங்கில் நிற்கும், இல்லையென்றால் அந்தப் பக்கம் மூன்றில் இரண்டில். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்வருவதற்குள் என் நிலம் சுருங்கியிருக்கும். "ஆக்கிரமிப்பு" என்று கத்துவேன். "பெரிய மேகம் கமா, பாதியில அடங்கல" என்பார். கால்புள்ளியைத் தேடித் தேடிப் போடுகிறேன் என்று எனக்கு அவர் வைத்த பேர் அது. வெளியாட்கள் முன்னால் கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

மகள் வேலை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போன பிறகும் எங்கள் எல்லைச் சண்டை நிற்கவில்லை. இப்போது யோசித்தால், காலையில் நாங்கள் பேசிக்கொண்டதில் பாதி அதைப் பற்றியதுதான்.

கோட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் போன அந்த நாளில் அவர் வேலைக்குப் போன வீடு வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுடையது. மதியத்துக்கு மேல் வேலை முடிந்துவிட்டது. காலி கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க நெட்டை கடைக்குப் போயிருந்தார். இவர் வேனில் ஏறி உட்கார்ந்து தலையைச் சாய்த்திருக்கிறார். வேலை முடிந்ததும் வண்டியிலேயே ஒரு குட்டித் தூக்கம் போடுவது அவர் பழக்கம், அது வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண் டீ கொண்டுவந்திருக்கிறாள். தூங்குகிறாரே, எழுப்ப வேண்டாம் என்று டம்ளரை வேனின் முன்பக்கத்தில் கண்ணாடியை ஒட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நெட்டை பிறகு ஒருமுறை என்னிடம் சொன்னார்.

"வண்டிக் கதவத் தொடறதுக்கு முன்னாடியே எனக்குப் புரிஞ்சு போச்சு அண்ணி. டீயில ஆடை படிஞ்சு கெடந்துச்சு. டீயை ஆறவிடற ஆளா அவரு?"

மாரடைப்பு என்றார்கள். வலித்திருக்காது என்றும் சொன்னார்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது மழை பிடித்தது. காலையில் படத்தில் பார்த்த அதே பச்சைத் திட்டு, சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது.

மறுநாள் அந்த வங்கிப் பெண் வீட்டுக்கு வந்தாள். கூட்டத்தில் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்வது என்று தெரியாமல், "ஒரு சொட்டு கூட இறங்கலைங்க. அவ்ளோ மழை, ஒரு சொட்டு கூட இறங்கல" என்று அழுதாள். வேலை எப்படி இருந்தது என்று அவரிடம் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்லிவிட்டாள். நானும் அவர் கேட்டால் சொல்வதற்காக அதை மனதில் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

வந்தவர்கள் எல்லாரும் போய், மகளும் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு காலையில் சார்ஜில் கிடந்த டேப்லெட்டை எடுத்துத் திறந்தேன். இரண்டு பக்கமும் அப்படியே வந்தன. வலது பக்கத்தில் மின்விசிறிக் கையேடு, நான் விட்ட பத்தியிலேயே நின்றது. இடது பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷத்து மேகங்கள் அந்த நிமிஷத்து இடங்களில் நகர்ந்துகொண்டிருந்தன. எங்கள் வீடு இருக்கும் இடத்தில் அவர் குத்தி வைத்த சிவப்புப் புள்ளி. கோடு என் பக்கம் தள்ளியே இருந்தது.

சாயங்காலம் வந்து விடறேன் என்று சொன்னவர் வைத்த கோடு. நான் அதைத் தொடவில்லை.

அன்றே போன் அடித்தது. நெட்டை.

"அண்ணி" என்றார். "மேகம் என்ன சொல்லுது?"

தினமும் காலையில் இவரிடம் கேட்கிற கேள்வி அது. நெட்டையின் போனிலும் அந்தப் படம் வரும், ஆனால் அதை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. நான் படத்தைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை நாள் ஓரக்கண்ணால் பார்த்ததில் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

"மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் இல்ல. மேற்கால மஞ்சளா ஒண்ணு இருக்கு. இந்தப் பக்கம் வருமான்னு தெரியல."

"வராது அண்ணி, அது கலைஞ்சுடும். சரி, அப்ப ஷீட்டப் பிரிக்கறேன்."

அதிலிருந்து தினமும் காலையில் கூப்பிடுவார். நான் பார்த்துச் சொல்வேன். சொல்வதற்காகவே சீக்கிரம் எழுந்தேன், காபி போட்டேன், சோபாவில் என் இடத்தில் உட்கார்ந்தேன். வேறு எதற்காகவும் எழுந்திருக்கத் தோன்றாத நாட்கள் அவை.

டேப்லெட் அடிக்கடி ஒரு செய்தி காட்டும். புதிய பதிப்பு வந்திருக்கிறது, அணைத்துத் திறக்கட்டுமா என்று கேட்கும். அணைத்தால் இரண்டு பக்கமும் அப்படியே திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது. ‘பிறகு’ என்று இருந்த பொத்தானைத் தொட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். சார்ஜ் தீரவும் விடவில்லை.

மகள் விடுமுறைக்கு வந்தபோது நான் வேலை செய்வதைப் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா இது? ரிப்பன் மாதிரி இருக்கு, இதுலயா படிக்கற?"

"பழகிப்போச்சு."

"கண்ணு என்னத்துக்கு ஆகும்? அதை ஆஃப் பண்ணிட்டு முழுசா வெச்சுப் படியேன். மழை பார்க்கணும்னா போன்ல பாரு."

"போன் சின்னது."

"சரி, பாதியிலயாவது வை. ரெண்டு பேருக்கும் சமமா இருந்ததுதானே?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோடு எங்கே நிற்கிறது, யார் வைத்தது என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஓவர்சீயர் அதற்கு மேல் வேலை வாங்கவில்லை. எழுந்து போய் மூக்கைச் சிந்திவிட்டு, மதியத்துக்குக் காய் நறுக்க ஆரம்பித்தாள்.

எனக்கு மெய்ப்பு வேலை தரும் அச்சகத்திலிருந்து துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு ஒன்று வந்தது. அதில் பக்கம் பக்கமாக அட்டவணைகள். எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எத்தனை சுற்று, எவ்வளவு எடை. என்னுடைய மூன்றில் ஒரு பங்குக்குள் அட்டவணை முழுதாக அடங்காது, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். முதல் சில பக்கங்கள் அப்படித்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு வந்த அட்டவணைகளில் மூன்றாவது பத்தி என் பக்கத்து ஓரத்தில் கச்சிதமாக முடிந்தது. அட்டவணையே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். எடை போட்டிருந்த நாலாவது பத்தி வெளியே நின்றுகொண்டிருந்தது. அதில் இருந்தவை முழுக்கப் பழைய இயந்திரத்தின் எண்கள். அப்படியே அச்சாகிவிட்டது.

அச்சகத்தில் பக்கம் அமைக்கிறவர் என்னைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர்தான் போன் செய்தார்.

"அக்கா, அட்டவணையில நாலாவது பத்தி பார்த்தீங்களா இல்லையா?"

"எந்த நாலாவது?"

போனில் பின்னால் தாள் கிழிக்கிற சத்தம் கேட்டது.

"உட்கார்ந்து ஒவ்வொண்ணுலயும் திருத்தத் தாள் ஒட்டிக்கிட்டிருக்கோம். முதலாளியும் ஒட்டறாரு, மூஞ்சியப் பார்க்க முடியல. உங்களுக்கு உடம்பு ஏதாவது...?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல தம்பி. திரை சின்னதா இருக்கு."

"டேப்லெட்டுதானே? ரெண்டாப் பிரிச்சு வெச்சிருக்கீங்களா? அந்தக் கோட்டப் பிடிச்சு ஒரு ஓரமா இழுத்து விட்டுடுங்கக்கா, முழுசா ஆயிடும். ஒரு செகண்ட் வேலை."

"தெரியும்."

"அடுத்ததா ஒரு பெரிய புத்தகம் வருது. பூரா அட்டவணை. உங்களுக்குத் தரலாமான்னு முதலாளி கேட்டாரு. தரலாம், அக்கா பார்த்துப்பாங்கன்னு சொல்லிட்டேன். என் பேரைக் காப்பாத்திடுங்க."

அந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்காதா என்ன, கிடைக்கலாம். ஆனால் என் கையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். பகலை நான் கடத்தியது அதைப் பிடித்துக்கொண்டுதான். போனை வைத்துவிட்டுக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் நெட்டை கூப்பிடுவார், யாராவது மேகம் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சாக்கு போதும் என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் அவர் கூப்பிடவில்லை. நேரிலேயே வந்தார். நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்து, சோபாவில் இடது பக்கம் உட்காராமல் மேசை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வருகிற யாரும் சோபாவின் அந்தப் பக்கத்தில் உட்காருவதில்லை.

"ஒரு கம்பெனியில சேர்ந்துட்டேன் அண்ணி. பெரிய கம்பெனி. தனியா ஷீட்டு பிடிக்க முடியல. ஒரு முனையப் பிடிச்சா இன்னொரு முனை சுருட்டிக்குது."

"நல்லது பண்ணீங்க."

"அவங்களே காலையில மெசேஜ் அனுப்பிடறாங்க, இன்னிக்கு மழை உண்டு, இல்லன்னு. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

"தொந்தரவுன்னு யார் சொன்னா?"

அவர் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது சமையலறை வாசலில் நின்று நிமிர்ந்தார். அவர் உயரத்துக்கு அந்த ஈரக் கறை முகத்துக்கு நேரே இருந்தது.

"இதையாவது அடைச்சுட்டுப் போறேன். ஒரு துண்டு ஷீட்டு வண்டியில கெடக்கு. அரை மணி நேர வேலை."

"இருக்கட்டும்."

"ஏன் அண்ணி? மழைக்காலம் வருது."

"அவர் பண்றேன்னு சொல்லியிருக்காரு."

நெட்டை டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். வாளியைக் காலால் இலேசாக நகர்த்திக் கறைக்கு நேராக வைத்துவிட்டுப் போனார்.

அச்சகத்துப் புத்தகம் வந்த வாரம் மகளும் வந்திருந்தாள். காலை, வெயில் ஜன்னல் வழியாகச் சோபா வரைக்கும் வந்திருந்தது. அவள் எனக்குப் பின்னால் நின்றாள்.

"நான் பண்ணட்டுமாம்மா?"

"வேணாம்."

கோட்டின் நடுவில் பிடிப்பதற்கு ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதில் விரலை வைத்து இடது பக்கமாக இழுத்தேன். நடுவுக்கு வந்ததும் கோடு கொஞ்சம் தயங்கியது. எங்கள் பழைய எல்லை அது. அங்கே விரலை எடுத்திருந்தால் பாதிக்குப் பாதியாக நின்றிருக்கும். எடுக்கவில்லை. அதைத் தாண்டியதும் மழைப் படம் ஒல்லியாகிக் கொண்டே போனது, சிவப்புப் புள்ளி ஓரத்தில் ஒதுங்கியது, பிறகு அந்தப் பக்கம் முழுக்க மங்கி இருட்டாயிற்று. கோடு திரையின் விளிம்பில் போய் மறைந்தது. அட்டவணை விரிந்து, எல்லாப் பத்திகளும் ஒரே பார்வையில் தெரிந்தன. எழுத்து பெரிதாக, தெளிவாக இருந்தது.

முழுத் திரையும் எனக்கு வேண்டும் என்று நான் எத்தனை காலை சண்டை போட்டிருக்கிறேன்.

மகள் என் தோளில் கை வைத்திருந்தாள். "போய்க் காபி போடு" என்றேன்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் வேலை பார்க்கும்போது விரல் எங்கோ பட்டுத் திரை மறுபடி இரண்டாகப் பிரிந்தது. இந்த முறை இடது பக்கத்தில் மழைப் படம் இல்லை. வெறும் சாம்பல் நிறத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். கடிகாரம், கேமரா, கால்குலேட்டர். இந்த இடத்தில் யாரைக் கொண்டுவந்து உட்காரவைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றன. அவர் போன நாளிலிருந்து நான் சத்தம் போட்டு அழுதது அப்போதுதான். மகள் குளித்துக்கொண்டிருந்தவள் ஈரத் தலையோடு ஓடிவந்தாள்.

"இது வரவே கூடாது" என்றேன். "கை பட்டாலும் வரக்கூடாது. அப்படிப் பண்ண முடியுமா?"

"முடியும்மா."

அவள் தரையில் உட்கார்ந்து அமைப்புகளுக்குள் போய்த் தேடினாள். தலையிலிருந்து தண்ணீர் திரையில் சொட்ட, பாவாடை நுனியால் துடைத்துத் துடைத்துத் தேடினாள். ஒரு இடத்தில் நீலமாக இருந்த சின்னப் பொத்தானைக் காட்டி, "இதுதான். பண்ணிடவா?" என்று கேட்டாள். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் அளந்து கொடுத்தவள் அவள்தான். நான் தலையசைத்தேன். தொட்டாள். நீலம் போய்ச் சாம்பல் நிறமாயிற்று.

"அவ்ளோதான்மா. இனிமே பிரியாது."

புத்தகத்தை முடித்து அனுப்பினேன். நாலாவது பத்தி, ஐந்தாவது பத்தி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன் என்று பக்கம் அமைக்கிறவர் போன் செய்து சொன்னார். அவர் பேரைக் காப்பாற்றிவிட்டேனாம். அடுத்த வேலையும் அனுப்பியிருக்கிறார்கள். டேப்லெட்டைப் பிஸ்கட் டின் மேல்தான் இன்னும் சாய்த்து வைக்கிறேன். சோபாவில் நடுவில் உட்கார்ந்தால் இன்னும் வசதியாக இருக்கும், ஆனால் உடம்பு அங்கே போவதில்லை.

மழை வரப்போவது இப்போது எனக்கு முன்கூட்டியே தெரிவதில்லை. வந்த பிறகுதான் தெரிகிறது. முதலில் ஜன்னலில் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து, சமையலறை வாசலுக்கு மேலே அதே இடத்திலிருந்து, நீல வாளிக்குள் சொட்டு விழும்.